பட்டியலில் இல்லாத பெயர்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம்’ பாடத்தை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவன் அதைக் கேட்டுவிடுவான்: “பனிப்போர்னா ஐஸ்ல நின்னு சண்டை போடுறதா சார்?” வகுப்பே சிரிக்கும். ஆயுதம் ஏந்தி நேருக்கு நேர் மோதாமல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நடத்திய பகைமை அது என்று விளக்கிவிட்டு, நானும் சிரித்தபடி அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். பல ஆண்டுகள் அப்படித்தான் போனது.

கடந்த டிசம்பரில் அரையாண்டுத் தேர்வுக்கான திருப்புதல் நேரத்தில் அதே கேள்வி வந்தபோது அப்படிக் கடக்க முடியவில்லை. காரணம், எங்கள் பிள்ளைகள் அப்போது ஹாக்கி மயக்கத்தில் இருந்தார்கள். இளையோர் ஆடவர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி 24 அணிகளோடு சென்னையிலும் மதுரையிலும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளி காளவாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, நானும் உடற்கல்வி ஆசிரியரும் 22 மாணவர்களை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். நீல நிறச் செயற்கைப் புல்தரையை அவர்கள் அன்றுதான் நேரில் பார்த்தார்கள்.

எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் ஓரத்துப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். “சார், அங்க நின்னு கத்திக்கிட்டே இருக்காரே, அவரு யாரு?” பயிற்சியாளர் என்றேன். “ஜெயிச்சா விளையாடுறவங்களுக்கு மெடல். அவருக்கு?” ஒலிம்பிக்கில் பயிற்சியாளருக்குப் பதக்கம் கிடையாது என்று சொன்னேன். அவன் அதை நம்பவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் இரண்டு முறை கேட்டான்.

இந்தக் கேள்வியையும் பனிப்போர்க் கேள்வியையும் சேர்த்து ஒன்றரைப் பாடவேளையில் ஒரு செயல்பாடு நடத்தினேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன். வேறு பள்ளிகளில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குத் தேவை ஒரு சார்ட் தாள், கத்தரிக்கோல், உலக வரைபடம் ஆகியவைதான்.

முதலில் பனி. மதுரைப் பிள்ளைகளுக்கு ஐஸ் என்றால் ஜிகர்தண்டா, இல்லாவிட்டால் மீன்கடைப் பெட்டி. அதன்மேல் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஆடுகளம், காலில் கத்தி பதித்த காலணி, பந்துக்குப் பதிலாக 170 கிராம் எடையுள்ள ரப்பர் வில்லை, ஒரு பக்கத்துக்கு கோல் காப்பாளரோடு 6 பேர், 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள் என்று ஐஸ் ஹாக்கியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அமெரிக்காவில் இதைக் கல்லூரிகள் பெரிதாக நடத்துகின்றன. அங்கே கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர் என்பது முழுநேரப் பணி. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வர வேண்டும். நான்கு ஆண்டுகள் பழக்க வேண்டும். நன்றாக ஆடத் தொடங்கும் நேரத்தில் அவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து. இதை நான் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி, “நீங்க எங்களுக்குச் செய்ற மாதிரியே” என்றாள். அதை நான் யோசித்திருக்கவில்லை.

அடுத்து வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு அட்டைகள் கொடுத்தேன். பெயர் எழுதவில்லை. முதல் அட்டையில் இருந்தது: ‘வயது 22. நாட்டின் ஒலிம்பிக் அணியோடு பயிற்சி எடுத்தவர். போட்டி தொடங்கும் முன் கடைசி ஆளாக நீக்கப்பட்டார். அவர் இல்லாமலே அணி தங்கம் வென்றது.’ இரண்டாம் அட்டையில்: ‘வயது 29. நாட்டின் ஒலிம்பிக் அணித் தலைவர். அவர் தலைமையில் அணி தங்கம் வென்றது.’ கேள்வி ஒன்றுதான். உங்கள் அணிக்கு இந்த இருவரில் யாரைப் பயிற்சியாளராக வைப்பீர்கள்?

ஐந்து குழுக்கள் யோசிக்காமல் இரண்டாம் அட்டையைத் தூக்கின. ஒரே ஒரு குழு முதல் அட்டையைக் காட்டியது. காரணம் கேட்டேன். அந்தக் குழுவில் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “பேரு விட்டுப்போனவருக்குத்தான் சார், விட்டுப்போறவன் கஷ்டம் தெரியும்” என்றாள். அந்தப் பதில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் அட்டைக்காரர் ஹெர்ப் ப்ரூக்ஸ், அமெரிக்கர், ஐஸ் ஹாக்கி. இரண்டாமவர் நம் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன், களத்தில் ஆடும் ஹாக்கி. இருவரையும் ஒரே பலகையில் எழுதியதற்குக் காரணம் 1980 என்ற ஆண்டு. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. இரண்டு மாதத்தில், 1980 பிப்ரவரியில், அமெரிக்காவின் லேக் பிளாசிட் என்ற சிற்றூரில் குளிர்கால ஒலிம்பிக். ஜூலையில் மாஸ்கோவில் கோடைக்கால ஒலிம்பிக். பாடநூலில் ஒரு வரியில் முடிகிற பதற்றத்தை இந்த இரண்டு ஹாக்கிகளை வைத்து நன்றாகவே விளக்க முடிந்தது.

ப்ரூக்ஸ் 1972 முதல் 1979 வரை மின்னசோட்டா பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அந்த ஏழு ஆண்டுகளில் 1974, 1976, 1979 என மூன்று முறை அந்த அணி தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றது. 1974-இல் ஆடியவர்கள் 1979-இல் இல்லை. பிள்ளைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மட்டும் அங்கேயே இருந்தார். அதற்குப் பிறகு ஒலிம்பிக் அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 20 பேரில் 9 பேர் அவர் பழக்கிய மின்னசோட்டா பிள்ளைகள். எதிரில் இருந்தது 1964 முதல் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கங்களை வென்ற சோவியத் அணி. ஒலிம்பிக் தொடங்கச் சில நாள்கள் இருக்கும்போது நடந்த காட்சி ஆட்டத்தில் சோவியத் அணி 10-3 என்று அவர்களை நொறுக்கியது. பிப்ரவரி 22 அன்று அதே அணியை அந்தக் கல்லூரிப் பையன்கள் 4-3 என்று வென்றார்கள். அதோடு தங்கம் கிடைத்துவிடவில்லை. இரண்டு நாள் கழித்து பின்லாந்தையும் வென்ற பிறகுதான் கிடைத்தது. பதக்க மேடையில் வீரர்கள் ஏறினார்கள். ப்ரூக்ஸுக்குப் பதக்கம் இல்லை. அன்று பஸ்ஸில் என்னை நம்பாத மாணவனைப் பார்த்தேன். தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நார்வேயோடு நடந்த ஒரு காட்சி ஆட்டம் சமனில் முடிந்ததும், ப்ரூக்ஸ் தன் வீரர்களை அதே பனித்தரையில் நெடுநேரம் ஓடவிட்டுத் தண்டித்தார் என்பது பிரபலமான கதை. சினிமாவிலும் அதைப் பெருமையாகக் காட்டியிருக்கிறார்கள். நான் அதை வகுப்பில் புகழவில்லை. தண்டனையால்தான் தங்கம் வந்தது என்று ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டால், அதே பாடத்தை நாளை தன் தம்பியிடம் நடத்துவான். கேட்ட பிள்ளைகளிடம், “அவர் செய்தார். அது தேவையா என்று நீங்களே பேசுங்கள்” என்று விட்டுவிட்டேன். பேசினார்கள், சத்தமாகவே.

இனி பாஸ்கரன். 1976-இல் மாண்ட்ரியலில் முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தபோது அவர் இந்திய அணியில் இருந்தார். இந்தியா 7-ஆம் இடம். 1928 முதல் பதக்கமின்றித் திரும்பியதில்லை என்ற வரலாறு அங்கே முடிந்தது. நான்கு ஆண்டு கழித்து மாஸ்கோவில் அவர் அணித் தலைவர். அமெரிக்காவின் அழைப்பை ஏற்றுப் பல நாடுகள் புறக்கணித்ததால் ஹாக்கியில் 6 அணிகளே ஆடின. பாகிஸ்தான் இல்லை, மேற்கு ஜெர்மனி இல்லை, முந்தைய சாம்பியன் நியூசிலாந்தும் இல்லை. “அப்ப அது ஈசியான தங்கமா சார்?” என்றான் ஒருவன். நல்ல கேள்வி. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று வென்றதைப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் போலந்தோடும் ஸ்பெயினோடும் 2-2 என்று சமன். ஜூலை 29-இல் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-0 என்று முன்னிலையில் இருந்த இந்தியா, கடைசியில் 4-3 என்றுதான் தப்பியது. ஸ்பெயினின் மூன்று கோல்களையும் அடித்தவர் ஒரே ஆள், ஹுவான் அமாத். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா கடைசியாக வென்ற தங்கம் இன்றுவரை அதுதான். அதற்கடுத்த பதக்கம், வெண்கலம், டோக்கியோவில் கிடைக்க 41 ஆண்டுகள் ஆயின.

இப்போது இரண்டாவது கட்டு அட்டைகளைக் கொடுத்தேன். அதில் இருவரின் பிற்கால வாழ்க்கை. பாஸ்கரன் இந்திய அணியின் பயிற்சியாளரானார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கடைசிக் குழு ஆட்டம், மறுபடியும் போலந்து. வென்றால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே இருந்தபோது போலந்து ஒரு கோல் போட்டது. 1-1. அரையிறுதி போயிற்று. இந்தியா 7-ஆம் இடத்தில் முடித்தது. 2006-இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையிலும் அவரே பயிற்சியாளர். 12 அணிகளில் இந்தியாவுக்கு 11-ஆம் இடம்.

அட்டையைப் படித்ததும் முன்பு பாஸ்கரனைத் தேர்ந்தெடுத்த குழுக்கள் அப்படியே கட்சி மாறின. “நல்ல பிளேயர், ஆனா நல்ல கோச் இல்ல சார்.” ஒரு பையன் தீர்ப்பே சொல்லிவிட்டான். நம்முடைய தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டங்களில் கேட்ட அதே குரல். இந்த இடத்தில் அவசரப்படாமல் நிற்க வேண்டும் என்று இந்தச் செயல்பாட்டைச் செய்யப்போகிற நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செயல்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ப்ரூக்ஸின் பிற்கால அட்டையைப் படிக்கச் சொன்னேன். 1980-க்குப் பிறகு அவர் தொழில்முறை அணிகளுக்குப் போனார். நியூயார்க், மின்னசோட்டா, நியூஜெர்சி, பிட்ஸ்பர்க். எங்கேயும் கோப்பை இல்லை. நடுவில் 1986-87-இல் செயின்ட் கிளவுட் என்ற சிறிய அரசுப் பல்கலைக்கழகத்தின் அணியை ஓராண்டு நடத்தினார். 1998 குளிர்கால ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணியோடு இருந்தார். 2002-இல் அமெரிக்க அணியோடு வெள்ளி. 2003 ஆகஸ்டில் கார் விபத்தில் இறந்தார். ஆக, 1980 என்ற ஆண்டு இருவருக்கும் ஒருமுறைதான் வந்திருக்கிறது.

பிறகு ஒரு கணக்கு. 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்றது. பயிற்சியாளர், மாஸ்கோவில் பாஸ்கரனோடு ஆடிய எம்.கே.கௌஷிக். அங்கிருந்து 2006 வரை எண்ணச் சொன்னேன்: கௌஷிக், பாஸ்கரன், செட்ரிக் டிசூசா, ராஜிந்தர் சிங், ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் வந்து சேர்ந்த ஜெர்மானியர் ஜெர்ஹார்ட் ராக், திரும்பவும் பாஸ்கரன். எட்டு ஆண்டுகளில் குறைந்தது ஐந்து மாற்றம். மின்னசோட்டாவில் ஏழு ஆண்டுகளில் ஒரே ஆள். “போன வருசம் நமக்குக் கணக்குக்கு மூணு சார் மாறுனாங்களே, அது மாதிரியா?” என்றாள் ஒருத்தி. கலந்தாய்வு முடிந்து வந்தவரும் போனவரும் யாருடைய தவறும் இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

பாஸ்கரன் நல்ல பயிற்சியாளரா என்ற கேள்விக்கு வகுப்பில் முடிவு எட்டவில்லை. சிட்னியில் அந்த ஒரு கோல் விழாதிருந்தால் நாம் அவரை எப்படிப் பேசியிருப்போம் என்று ஆளுக்கு ஐந்து வரி எழுதச் சொன்னேன். 36 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர், தீர்ப்பு சொன்ன பையன் உட்பட, ‘தெரியாது’ என்பதை விதவிதமாக எழுதியிருந்தார்கள். மதிப்பெண் போட்டால் முழு மதிப்பெண் அதற்குத்தான்.

இப்போது அந்தப் பின்வரிசை மாணவியின் பதிலுக்கு வருகிறேன்.

1960-இல் ப்ரூக்ஸை நீக்கியவர் ஜாக் ரைலி. அவரும் கல்லூரிப் பயிற்சியாளர்தான். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியை 1950 முதல் 1986 வரை 36 ஆண்டுகள் நடத்தியவர். ஒலிம்பிக் அணிக்கு அவசியமாக இருந்த ஒரு வீரர், தன் தம்பியையும் சேர்த்தால் வருகிறேன் என்றார். தம்பி உள்ளே வந்தார், ப்ரூக்ஸ் வெளியே போனார். அணி தங்கம் வென்றதை அவர் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார். இருபது ஆண்டு கழித்து அதே பட்டியலைப் போடும் வேலை அவர் கைக்கே வந்தது. கடைசியாக ஒருவரை நீக்க வேண்டும். ரால்ஃப் காக்ஸ் என்ற வீரரை நீக்கினார். அதை அவரே சொன்னார். தனக்கு நேர்ந்தது என்பதற்காக இன்னொருவருக்கு அது நேராமல் தடுக்க அவரால் முடியவில்லை. இடம் இருபதுதான்.

எனக்கும் ஒருமுறை அந்த வேலை வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் இருந்தபோது அங்கே உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலி. குறுவட்டப் போட்டிக்குக் கபடி அணியைக் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்லூரியில் கொஞ்சம் ஆடியிருக்கிறேன் என்பதைத் தவிர எனக்குத் தகுதி எதுவும் இல்லை. 12 பேர் கொண்டுபோகலாம், ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்தவர்கள் 13 பேர். பதின்மூன்றாவது பையன் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து மைதானத்தில் கல் பொறுக்குவான். ஆட்டம் சுமார்தான். பட்டியலைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், தோன்றியது. சொல்லக் கூச்சமாக இருந்தது. பலகையே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும். பத்தாம் வகுப்புப் பையன். பதினோரு நாள் கழித்து வீட்டைத் தேடிப் போனேன். அவன் அம்மா, “ஒர்க்‌ஷாப்புல நிக்கிறான் சார், பள்ளிக்கூடம்னாலே பேச மாட்டேங்கிறான்” என்றார். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு டூவீலர் பட்டறையில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். “ஏன்டா வரல?” “சும்மாதான் சார்.” நான் வருத்தம் தெரிவித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், “என் பேரு கீழ எங்கயாவது இருக்கும்னு மூணு தடவ படிச்சேன் சார்” என்றான்.

திரும்பி வந்தான், பொதுத்தேர்வு எழுதினான், தேர்ச்சியும் பெற்றான். மைதானத்துப் பக்கம் மட்டும் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சேரவும் இல்லை. அது அந்தப் பட்டியலால்தான் என்று சொல்ல முடியாது. வீட்டில் வேறு நெருக்கடிகளும் இருந்தன. ஆனால் நான் அதை அந்தப் பட்டியலிலிருந்து பிரித்துப் பார்த்ததே இல்லை.

இதை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். கடைசியில் சொன்னேன், பையனின் பெயர் இல்லாமல். ப்ரூக்ஸ் கதையைவிட இதற்குத்தான் வகுப்பு அமைதியாக இருந்தது. “இப்ப எப்படி சார் செய்வீங்க?” என்று கேட்டார்கள். இப்போதைய பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார், தேர்வு அவர் பொறுப்பு. நாங்கள் இருவரும் பேசி ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பட்டியல் ஒட்டுவதற்கு முந்தின நாள், பெயர் வராத பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எந்த இடத்தில் குறைந்தார்கள் என்பதை நேரில் சொல்வோம். அழுகிறவர்களும் உண்டு. ஒருவன் கோபத்தில் பையைத் தூக்கி எறிந்திருக்கிறான். முன்பு எனக்குச் சுலபமாக இருந்த வேலை இப்போது சுலபமாக இல்லை.

சென்ற மாதம் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தது அந்தப் பையனின் பட்டறையில். இப்போது அது அவனுடைய சொந்தப் பட்டறை, உதவிக்கு இரண்டு பையன்கள். டீ வாங்கிவரச் சொன்னான். கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டே, “சார், அந்த வருசம் டீம் எத்தனாவது வந்துச்சு?” என்றான். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டோம் என்றேன். அவன் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு உள்ளே பார்த்து, “டேய், பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர எடுத்துட்டு வா” என்று குரல் கொடுத்தான்.